சீரீஸின் வெண்புள்ளிகளும் உவர்மலை வகுப்பின் ஊகப் பதிவேடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் மிகப் பெரியதான சீரீஸ் என்ற குறுங்கோளை நோக்கி நாசாவின் டோன் விண்கலம் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜனவரி 13 அன்று ஏறத்தாழ 383,000 கிலோமீற்றர் தொலைவிலிருந்து அது எடுத்த படத்தில் சீரீஸின் முழு வட்டமும் 27 படப்புள்ளிகள் (பிக்சல்கள்) அகலத்துக்குள் அடங்கிவிட்டது. அந்த மங்கலான சாம்பல் வட்டத்திலே ஓரிடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஜனவரி 25 அன்று 237,000 கிலோமீற்றரிலிருந்து எடுத்த படத்தில் வட்டத்தின் அகலம் 43 படப்புள்ளிகளாக வளர்ந்தது. வெண்மையும் அப்படியே இருந்தது. பெப்ரவரி 19 அன்று, 46,000 கிலோமீற்றர் தொலைவில், ஒற்றைப் புள்ளி என்று கருதப்பட்டது ஒரே கிண்ணக்குழிக்குள் அமைந்த இரண்டு புள்ளிகளாகப் பிரிந்து நின்றது. அவை என்னவென்று சொல்லக்கூடியவர் அன்று உலகில் எவரும் இல்லை.

திருகோணமலை உவர்மலைப் பகுதியில் மாலை வேளையில் நடந்த உயர்தர வகுப்பொன்றின் மாணவர்கள் இந்தப் புள்ளிகளைப் பற்றி எழுதிவைத்த ஊகங்களையும், அடுத்து வந்த ஆண்டுகளில் அவற்றுக்கு நேர்ந்ததையும் பதிவுசெய்வதே இவ்வாய்வின் நோக்கம். விடை இன்று பெருமளவுக்குத் தெரிந்துவிட்ட நிலையில், விடை தெரியாத நாளில் எழுதிய பக்கங்களுக்குத் திரும்ப வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். விடை தெரிந்தபின் எல்லா ஊகங்களும் சரி, பிழை என்ற இரண்டு கூறுகளாகச் சுருங்கிவிடுகின்றன. எந்த ஊகம் நியாயமான காரணத்தோடு பிழைத்தது, எது காரணமே இல்லாமல் தற்செயலாகப் பொருந்தியது என்பதை அன்றைய எழுத்தில்தான் காண முடியும். அறிவியல் கற்பிப்பவருக்கு இந்த வேறுபாடு விடையைவிடக் குறைந்த பெறுமதியுடையது அன்று.

முன்னரே தெரிந்திருந்தவை

சீரீஸை 1801 ஜனவரி 1 அன்று சிசிலியின் பலேர்மோ நகரில் யுசெப்பே பியாற்சி கண்டுபிடித்தார். சில கிழமைகளில் அது சூரிய ஒளிக்குள் மறைந்துபோக, அவர் விட்டுச்சென்ற சொற்ப அளவீடுகளைக் கொண்டு இளைஞரான ஜேர்மனியக் கணிதவியலாளர் கவுஸ் அதன் பாதையைக் கணித்தார். அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே அவ்வாண்டின் இறுதி நாளில் அது மீண்டும் அகப்பட்டது. முதலில் கோள் என்றும் பின்னர் சிறுகோள் என்றும் வகுக்கப்பட்டு, 2006இல் குறுங்கோள் என்ற வகைக்குள் வந்தது. விட்டம் சுமார் 940 கிலோமீற்றர். சூரியனிலிருந்து சராசரித் தொலைவு சுமார் 41 கோடி கிலோமீற்றர். ஒரு சுற்றுக்கு 4.6 ஆண்டு, தன் அச்சில் ஒருமுறை சுழல 9 மணித்தியாலத்துக்குச் சற்றே கூடுதலான நேரம். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றே மேல் என்பதால், பாறையோடு பெருமளவு நீரும் உள்ளே கலந்திருக்க வேண்டும் என்பது டோன் போவதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது.

ஊகங்களைப் பாதித்த முன்னறிவுகள் இரண்டு. ஹபிள் தொலைநோக்கி 2003, 2004 காலப்பகுதியில் எடுத்த படங்களிலேயே ஒரு வெளிச்சப் பகுதி தென்பட்டது. ஆனால் அந்தப் படங்களில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 30 கிலோமீற்றரை உள்ளடக்கியமையால் அதற்குமேல் எதுவும் சொல்ல இயலவில்லை. மற்றையது, ஹேர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி சீரீஸிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 6 கிலோகிராம் நீராவி வெளிவருவதாகக் கண்டு, அது 2014 ஜனவரியில் வெளியிடப்பட்டமை. நீராவி என்ற செய்தி வந்து ஓராண்டுக்குள் வெண்புள்ளி என்ற செய்தியும் வந்தபோது, இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போடாமல் இருப்பது எவருக்கும் கடினமாகவே இருந்தது. ஹேர்ஷல் குழுவினர் நீராவியின் மூலங்களாகச் சுட்டிய இரு இடங்களும் சீரீஸின் சராசரி மேற்பரப்பைவிடச் சற்று இருண்டவை என்ற விவரம் அதே ஆய்விலேயே இருந்தது. செய்திகளில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போயிற்று. இந்த வழக்கில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடங்களுள் இதுவும் ஒன்று.

பதிவேடு

டோன் விண்கலம் மார்ச் 6 அன்று சீரீஸின் ஈர்ப்புக்குள் அமைந்தது. அப்போது அது சீரீஸின் இருண்ட பக்கத்தில் இருந்தபடியால், ஏப்ரல் நடுப்பகுதிவரை புதிய படங்கள் அரிதாகவே வந்தன. இந்த இடைவெளி கற்பித்தலுக்குக் கிடைத்த ஒரு கொடை. விடை எப்படியும் வரப்போகின்றது, ஆனால் இன்னும் வரவில்லை என்ற நிலை பாடசாலைப் பாடங்களில் கிடைப்பதில்லை. பாடநூலில் வினாவுக்கு அடுத்த பக்கத்திலேயே விடை இருக்கும்.

ஆகவே ஒரு பெரிய கொப்பியில் மூன்று நிரல்கள் வரையப்பட்டன. முதலாவது நிரலில் ஊகம். இரண்டாவதில் அதற்கான காரணம். மூன்றாவதில், எதைக் கண்டால் இந்த ஊகத்தைக் கைவிடுவேன் என்ற கூற்று. மூன்றாவது நிரலை வெறுமையாக விட்டால் முதலிரண்டும் ஏற்கப்படா என்பது விதி. அதே காலத்தில் நாசாவின் ஜெற் உந்துகை ஆய்வுகூடம் பொதுமக்களிடம் இதே வினாவைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தியது. எரிமலை, வெந்நீர்ப் பீச்சு, பாறை, பனிக்கட்டி, உப்புப் படிவு, வேறு ஏதேனும் ஆகியவை அங்கிருந்த தெரிவுகள். நாங்கள் அவற்றுள் இறுதித் தெரிவை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. "வேறு ஏதேனும்" என்பதை எந்த அவதானிப்பாலும் முறியடிக்க முடியாது. முறியடிக்க முடியாததை ஊகமென்று பதிவதில் பயனில்லை.

பனிக்கட்டி என்பதே பெரும்பாலானோரின் ஊகமாயிற்று. சீரீஸில் நீர் உண்டு, பனி வெண்மையானது, ஒரு விண்கல் மோதிப் பள்ளம் தோண்டினால் கீழேயுள்ள பனி வெளியே தெரியும் என்ற காரணம் நேர்மையானது, உலகின் பல ஆய்வாளரும் அன்று கொண்டிருந்தது. கைவிடும் நிபந்தனையாக ஒரு மாணவி எழுதியிருந்தது இன்றும் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது: அந்தக் குழி சீரீஸின் துருவத்திலன்றி நடுப்பகுதிக்கு அருகே, வெயில் விழும் இடத்தில் இருக்குமாயின், பனி நீண்டகாலம் தங்காது, ஆகவே குழி பழையதென்று தெரிந்தால் என் ஊகம் பிழை. வளிமண்டலம் இல்லாத வெற்றிடத்தில் பனி உருகாமலே நேரே ஆவியாகும் என்பதைப் பௌதிகவியல் பாடத்தில் படித்திருந்தார். அதை 41 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய்ப் பொருத்தியது அவருடைய சொந்த முயற்சி.

அடுத்தது எரிமலை. டோன் குழுவின் தலைவர் கிறிஸ்தோபர் ரசல், ஒரே பள்ளத்துக்குள் இரு புள்ளிகள் இருப்பது எரிமலை போன்ற தோற்றுவாயைச் சுட்டக்கூடும் என்று அந்நாட்களில் கூறியிருந்தார். இங்கு கருதப்படும் எரிமலை கற்குழம்பைக் கக்குவதன்று. உப்புக் கலந்த நீரும் சேறும் உள்ளிருந்து மேலெழும் குளிர் எரிமலை. மாணவர் சிலர் இதை ஏற்றுக்கொண்டாலும் மூன்றாவது நிரலில் தடுமாறினார்கள். பல நாள் வாதத்தின் பின், எரிமலை என்றால் நடுவிலே மேடோ பிளவோ இருக்கவேண்டும், வெறும் தட்டையான கறையாக இருந்தால் கைவிடுவோம் என்று எழுதப்பட்டது.

நீராவிப் பீச்சு என்ற ஊகத்துக்கு மார்ச் மாதத்தில் புதிய வலு கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த கோள் அறிவியல் மாநாட்டில், டோன் படக்கருவிக்குப் பொறுப்பான ஜேர்மனிய ஆய்வாளர் அந்திரேயாஸ் நாற்றூஸ், குழியின் விளிம்பு பார்வைக் கோட்டை மறைக்கும் நிலையிலும் புள்ளி தெரிவதாகவும், மாலையாகும்போது மங்கி இரவில் மறைவதாகவும் எடுத்துரைத்தார். விளிம்புக்கு மேலாகத் தெரிவது உண்மையானால் அது தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் ஏதோ ஒன்றாக இருக்கவேண்டும். இந்த வாதத்தில் எங்கள் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது.

இதே அவதானிப்பு வேறோர் ஊகத்தை முற்றாக முடித்துவைத்தது. அந்தப் புள்ளிகள் வேற்றுயிர்களின் நகர விளக்குகள் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் மூன்றாவது நிரலை அவன் எல்லோரையும்விடத் தெளிவாக எழுதியிருந்தான். "இரவுப் பக்கத்தில் அணைந்திருந்தால் விட்டுவிடுவேன் சேர்" என்றான். அணைந்தே இருந்தது. அந்த ஊகத்தை வெட்டி, திகதியிட்டு, அடுத்த பக்கத்தில் உப்பு என்று எழுதினான். இந்த வழக்கில் ஒழுங்குமுறைக்கு மிகச் சிறந்த உதாரணமாக நான் எடுத்துக்காட்டுவது இவனுடைய பக்கத்தையே.

பளபளப்பான பாறை, உலோகம் என்பவை பற்றி நீட்ட வேண்டியதில்லை. படங்களின் தெளிவு கூடக் கூட, புள்ளிகள் கண்ணாடிபோல் ஒரு திசையில் மட்டும் மின்னாமல் எத்திசையிலும் வெண்மையாகவே தெரிந்தமையால் அவை விரைவில் விலகின.

வெண்மை என்பது எவ்வளவு வெண்மை

பலரும் கவனியாத ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீரீஸ் மிகவும் கரிய கோளம். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 9 வீதமளவையே அது திருப்பி அனுப்புகிறது. இப்படிப்பட்ட இருண்ட மேற்பரப்பின் விவரங்கள் தெரிய வேண்டுமென்று படக்கருவியின் ஒளியேற்பு நேரம் நீட்டப்பட்டிருக்கும்போது, நடுத்தர வெண்மையுள்ள பொருள்கூடப் படத்தில் கண்ணைப் பறிக்கும் விளக்காகத் தோன்றும். தொடக்கப் படங்களில் புள்ளிகள் ஒரு படப்புள்ளியைவிடச் சிறியனவாக இருந்தமையால், அந்தப் படப்புள்ளிக்குள் வெண்பொருள் எவ்வளவு பங்கை நிரப்புகிறது என்பதே தெரியவில்லை. முழுப் படப்புள்ளியையும் நிரப்பினால் அதன் வெண்மை ஓரளவு. பாதியை மட்டும் நிரப்பினால் இரண்டு மடங்கு. பனியா, உப்பா என்ற வினாவை வெண்மையைக் கொண்டு தீர்க்க முற்பட்ட அனைவரும், தெரியாத ஒரு பரப்பளவால் வகுத்துக்கொண்டிருந்தார்கள்.

மே மாதத்தில் 13,600 கிலோமீற்றர் உயரத்திலிருந்தும், யூனில் 4,400 கிலோமீற்றரிலிருந்தும், ஓகஸ்ட் தொடக்கம் 1,470 கிலோமீற்றரிலிருந்தும் வந்த படங்கள் இந்தக் குழப்பத்தைப் படிப்படியாக நீக்கின. இரண்டு புள்ளிகள் பல புள்ளிகளாயின. பின்னர் நடுவே ஒரு பெரும் படிவும் கிழக்கே சிதறிய சிறு படிவுகளுமாக உருவெடுத்தன. குழிக்கு ஒக்காட்டர் என்று பெயரிடப்பட்டது; அதன் விட்டம் 92 கிலோமீற்றர், ஆழம் ஏறத்தாழ 4 கிலோமீற்றர். நடுப் படிவு செரியாலியா என்றும் கிழக்குப் படிவுகள் வினாலியா என்றும் வழங்கப்படலாயின. ஆண்டிறுதியில் விண்கலம் 385 கிலோமீற்றர் உயரத்துக்கு இறங்கியது. அதற்குள் சீரீஸ் முழுவதிலும் நூற்றுக்கும் மேற்பட்ட வெளிச்சப் பகுதிகள் எண்ணப்பட்டுவிட்டன. ஒக்காட்டர் அவற்றுள் தலையாயது மட்டுமே.

யூலை மாத இறுதியில் சீரீஸ் சூரியனுக்கு எதிர்நிலைக்கு வந்தபோது, அதை இருகண்நோக்கியால் பார்க்க முடிந்தது. கடற்கரை இருட்டிலிருந்து பார்த்த மாணவர்களுக்கு அது மற்றெந்த மங்கிய விண்மீனையும் போன்ற ஒரு பொட்டாகவே தெரிந்தது. அந்தப் பொட்டுக்குள் ஒரு குழி, குழிக்குள் ஒரு படிவு என்பதை எண்ணிப் பார்க்கும்படி மட்டும் அவர்களிடம் சொன்னேன்.

உப்பு

2015 டிசெம்பரில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. நாற்றூஸ் குழுவினர், வெண்படிவுகள் நீரேறிய மகனீசியம் சல்பேற்றோடு பொருந்துவதாக முடிவுசெய்தனர். எப்சம் உப்பு என்று நாம் அறிந்திருப்பதன் நெருங்கிய உறவுச் சேர்மம் அது. மரியா கிறிஸ்தீனா தெ சாங்தீஸ் தலைமையிலான குழுவினர், சீரீஸின் பொது மேற்பரப்பில் அமோனியா ஏறிய களிமண் கனியங்கள் பரந்திருப்பதைக் காட்டினர். வகுப்பில் உப்பு என்று எழுதியிருந்தவர்கள் வெற்றி பெற்றுவிட்டதாகவே கருதினார்கள். அவர்களுடைய காரணத்தைச் சோதித்துப் பார்க்க ஒருவரை வகுப்புக்கு அழைத்தோம்.

அவர் எங்கள் மாணவி ஒருவரின் அப்பப்பா. நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களில் இளமை முழுவதையும் கழித்தவர். பிள்ளைகள் அவரை ஐயா என்று விளித்துக் கேள்வி கேட்டார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி வற்றவிடும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை என்பதை அவர் முதலில் விளக்கினார். முன் பாத்திகளில் சுண்ணமும் அதன்பின் உறைகளிக்கல்லும் படிகின்றன. நீர் மேலும் செறிந்தபின்தான் கறியுப்புத் திரள்கிறது. அதையும் வாரியெடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில்தான் மகனீசிய உப்புகள் தங்கிவிடுகின்றன. "தம்பி, எது எந்தப் பாத்தியில கிடக்குதெண்டு பாத்தாத்தான் தண்ணி எவ்வளவு வத்தினதெண்டு தெரியும்" என்றார். உப்பு என்று பொதுவாகச் சொல்வதால் எதுவும் விளங்காது, எந்த உப்பு என்பதே நீரின் வரலாற்றைச் சொல்லும் என்ற கருத்து அன்று வகுப்பில் பதிந்தது. நன்றாகப் பொடிந்த உப்பு வெண்மையாகவும் பெரிய கட்டி ஏறத்தாழக் கண்ணாடிபோலவும் தெரிவதையும், மண் கலந்தவுடன் பழுப்பாவதையும் அவர் கையில் கொண்டுவந்திருந்த உப்பிலேயே காட்டினார். ஒக்காட்டரின் வெண்மை மங்காதிருப்பதன் பொருளை இதிலிருந்து மாணவர்களே பெற்றுக்கொண்டார்கள்: விண்துகள்களும் கரிய தூசியும் ஓயாது விழும் ஒரு மேற்பரப்பில் வெண்மை நிலைத்திருக்கிறதென்றால் அது அண்மையில் வந்து சேர்ந்ததாக இருக்கவேண்டும்.

எந்த உப்பு என்ற வினாவின் விடை அடுத்த ஆண்டே மாறியது. 2016 யூனில் தெ சாங்தீஸ் குழுவினர், செரியாலியாவின் முதன்மைப் பொருள் சோடியம் காபனேற்று என்று அறிவித்தனர். சலவைச் சோடாவின் அடிப்படைச் சேர்மம். பூமிக்கு வெளியே அதுவரை அறியப்பட்ட காபனேற்றுச் செறிவுகளுள் மிகப் பெரியது இது. முதல் முடிவு தள்ளுபடியான காரணம் எளியது, கற்கத் தக்கது. நாற்றூஸ் குழுவினர் நம்பியிருந்த படக்கருவி ஏழு நிற வடிகட்டிகளின் ஊடாக 1 மைக்ரோமீற்றர் அலைநீளம்வரை மட்டுமே பார்த்தது. காபனேற்றின் அடையாளமான ஒளியுறிஞ்சல் 3.4, 4.0 மைக்ரோமீற்றர் அலைநீளங்களில், செங்கீழ்க் கதிர்களில் நிகழ்கிறது. டோனிலிருந்த, ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும் இத்தாலிய நிறமாலைமானி 5 மைக்ரோமீற்றர்வரை எட்டியபடியால் அதை நேரே பதிவுசெய்தது. படக்கருவியின் எல்லைக்குள் மகனீசியம் சல்பேற்று உண்மையிலேயே நன்கு பொருந்தியது. ஆனால் அந்த எல்லைக்குள் பொருந்தக்கூடியவை வேறும் பல இருந்தன. பொருந்துகிறது என்பதும் வேறெதுவும் பொருந்தாது என்பதும் ஒன்றல்ல. இதைப் பதிவேட்டின் உப்புப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தோம்.

பனி ஊகத்தின் நிலையையும் இங்கே முடித்துவிடலாம். சீரீஸின் பகல் வெப்பநிலை மிகக் கூடியபட்சமாக −38 பாகை செல்சியஸ் அளவுக்கு எட்டுகிறது. ஒக்காட்டர் அமைந்திருப்பதோ வட அகலக்கோடு 20 பாகையளவில். அங்கே திறந்து கிடக்கும் பனி வெற்றிடத்தில் நெடுங்காலம் நீடிக்க முடியாது. குழியின் வயதோ 2 கோடி ஆண்டளவு என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. மாணவியின் மூன்றாவது நிரல் சொன்னபடியே பனி கைவிடப்பட்டது. எனினும் சீரீஸில் வேறிடத்தில், ஒக்சோ என்ற சிறு குழியின் நிழற்பக்கத்தில், பனி உண்மையாகவே கண்டறியப்பட்டது. அவருடைய காரணம் பிழையில்லை, இடமே பிழை என்று குறித்துவைத்திருக்கிறோம்.

எரிமலைக்காரர்களின் கூற்று எதிர்பாராத வகையில் வலுப்பெற்றது. ஒக்காட்டரின் நடுவே ஏறத்தாழ 11 கிலோமீற்றர் அகலமான ஒரு பள்ளமும், அதனுள்ளே ஏறத்தாழ 400 மீற்றர் உயர்ந்த, பிளவுகள் ஓடிய ஒரு குவிமேடும் இருந்தன. அவர்கள் எழுதிய நிபந்தனை நிறைவேறியது. சீரீஸின் வேறொரு பகுதியில் அஹூனா என்ற தனிமலை ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்பதும், அது உப்புச் சேறு மேலெழுந்து அமைந்த குளிர் எரிமலை என்பதும் 2016இல் விளக்கப்பட்டன. ஆகவே இறுதி விடை வாக்கெடுப்பின் தெரிவுகளுள் எந்தவொன்றும் தனித்ததன்று. பொருள் உப்பு, அதைக் கொண்டுவந்தது உள்ளிருந்து எழுந்த நீர். தெரிவுப் பட்டியல் இவற்றை ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தியது. பொருளையும் செயலையும் ஒரே வரிசையில் வைத்து ஒன்றைத் தெரிவுசெய் என்று கேட்டதே அந்த வினாவின் குறை என்று நான் கருதுகிறேன்.

தீராதவை

2018இல், எரிபொருள் தீரும் தறுவாயில், டோன் ஒக்காட்டருக்கு மேலாக 35 கிலோமீற்றர் உயரம்வரை தாழ்ந்து பறந்தது. திசைதிருப்புவதற்கான ஐதரசீன் தீர்ந்துபோக, ஒக்டோபர் 31இல் தொடர்பு அறுந்து, நவம்பர் 1இல் பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. இறுதி மாதங்களின் தரவுகள் 2020 ஓகஸ்டில் ஆய்வுகளாக வெளிவந்தபோது இரண்டு புதிய செய்திகள் இருந்தன. குழிக்குக் கீழே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஆழத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்தில், உப்புநீர்த் தேக்கம் ஒன்று இருப்பதை ஈர்ப்பு அளவீடுகள் சுட்டின. அத்தோடு, செரியாலியாவின் நடுவில் நீரேறிய சோடியம் குளோரைட்டு இனங்காணப்பட்டது.

பின்னதை வகுப்பில் விளக்குவதற்கு அதிக நேரம் செலவிட்டோம். நிலாவெளியில் திரளும் உப்பின் பளிங்குக்குள் நீர் மூலக்கூறு இல்லை. உப்புநீர் 0 பாகைக்கு அருகிலும் அதற்குக் கீழும் குளிரும்போது மட்டுமே, ஒவ்வொரு சோடியம் குளோரைட்டு அலகோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த பளிங்கு உருவாகிறது. ஐயா வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிராத உப்பு அது. எங்கள் கரையில் அது உருவாகவே முடியாது. சீரீஸின் மேற்பரப்பில் அது உருவாகலாம், ஆனால் தங்க முடியாது. இத்தகைய நீரேறிய உப்புகள் சில நூறு ஆண்டுகளுக்குள் நீரை இழந்துவிடும் என்று கணிக்கப்படுகிறது. இன்றும் நீரோடு இருக்கின்றதென்றால் உப்புநீர் மிக அண்மையில், இன்னும் வந்துகொண்டிருக்கும் அளவுக்கு அண்மையில், மேலே எட்டியிருக்க வேண்டும்.

இங்கேதான் வழக்கு மீண்டும் திறக்கிறது. ஒரு பெரு மோதல் தரைக்குக் கீழே உருக்கிவிடும் நீர் சில மில்லியன் ஆண்டுகளுக்குள் மீண்டும் உறைந்துவிடும். 2 கோடி ஆண்டு வயதுள்ள ஒக்காட்டரின் வெண்படிவுகளோ 20 இலட்சம் ஆண்டுக்கும் இளையவையாகத் தெரிகின்றன. மோதலின் வெப்பம் மட்டும் அவ்வளவு காலம் நீரைத் திரவமாக வைத்திருக்கப் போதாது. செரியாலியாவின் உப்பு மோதலில் உருகிய நீரும் ஆழ்தேக்கத்து நீரும் கலந்து வந்தது என்றும், வினாலியாவின் உப்பு நீண்ட பிளவுகளின் ஊடாக ஆழ்தேக்கத்திலிருந்து வந்தது என்றும் இன்று பெரும்பாலானோர் கொள்கின்றனர். உப்பு கரைந்திருப்பதால் நீரின் உறைநிலை தாழ்கிறது. கறியுப்பு மட்டும் அதை −21 பாகைவரை தாழ்த்தும். இந்தக் காரணத்தாலேயே, வெப்பமூட்டுவதற்கு அருகில் பெருங்கோள் எதுவும் இல்லாத இந்தச் சிறு கோளத்தின் உள்ளே, சூரியக் குடும்பம் பிறந்து 450 கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் திரவம் எஞ்சியிருக்கிறது என்று விளக்கப்படுகிறது. இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அது போதும் என்று கருதவில்லை.

நீராவி விடயமும் முற்றுப்பெறவில்லை. ஒக்காட்டருக்குள் பகலில் மூடுபனி போன்ற மெல்லிய புகார் தெரிவதாக நாற்றூஸ் குழுவினர் கூறியதை மற்ற ஆய்வாளர் மறுத்தனர். ஹேர்ஷல் கண்ட நீராவி, சூரியனிலிருந்து புறப்படும் ஆற்றல்மிக்க துகள்கள் ஆழங்குறைந்த பனியைத் தாக்கும்போது எழுவது என்று 2017இல் ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. நீராவியும் வெண்புள்ளியும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று 2015இல் எங்களைப்போல் பலரும் போட்ட முடிச்சு இதனால் மேலும் தளர்ந்தது. பதிவேட்டின் பீச்சுப் பக்கம் வெட்டப்படவுமில்லை, ஏற்கப்படவுமில்லை.

விண்கலம் சீரீஸைச் சுற்றியே விடப்பட்டிருக்கிறது. உயிரியல் முக்கியத்துவம் உள்ள வேதியியல் அங்கே நிகழக்கூடும் என்பதால், அது விழுந்து அசுத்தப்படுத்தாதவாறு குறைந்தது 20 ஆண்டுகளுக்கு நிலைக்கும் சுற்றுப்பாதையில் அது அமைக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் கோள் அறிவியலாளர் 2022இல் வெளியிட்ட பத்தாண்டுத் திட்ட அறிக்கையில், சீரீஸின் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவருவது அடுத்த நடுத்தரப் பயணங்களுக்கான தெரிவுகளுள் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. தெரிவுசெய்யப்படும் என்ற உறுதி இல்லை.

அந்த அறிக்கை வெளியானபின், பழைய மாணவர்கள் சிலரும் அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து புதிய பக்கமொன்றைத் தொடங்கினார்கள். நகர விளக்கு என்று முதலில் எழுதியவன் இப்போது இரசாயனவியல் கற்கிறான். அவன் எழுதிய ஊகம்: வினாலியாவின் உப்பும் செரியாலியாவின் உப்பும் ஒரே தேக்கத்திலிருந்து வந்தவை, முன்னதில் மோதல் உருக்கிய நீர் கலக்கவில்லை. காரணமாக, பிளவுகளின் அமைப்பையும் வினாலியாப் படிவின் மென்மையையும் தந்திருக்கிறான். மூன்றாவது நிரலில் உள்ளது இது: இரு இடங்களிலிருந்தும் எடுத்த மாதிரிகளில் காபனேற்றுக்கும் குளோரைட்டுக்கும் இடையிலான விகிதம் ஒன்றாக இருந்தால், அல்லது வினாலியாவில் அமோனியம் உப்பு சற்றும் இல்லையானால், கைவிடப்படும். இந்த இரண்டாவது நிபந்தனை மிகக் கடுமையானது, அமோனியம் விரைந்து சிதைவதால் இல்லாமையை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது என்று அவனுக்கு அடுத்துப் படித்த மாணவி ஓரத்தில் எழுதி மறுத்திருக்கிறாள். அவன் இன்னும் பதில் எழுதவில்லை.